அட்மின் அண்ணன் சாப்பிட்ட மூன்று ஆப்பம்

"காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான் என் தொழிலில் நான் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி. ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவள் நான். படம் பிடிக்கத் தொடங்கும் முன்பு, எதிரே இருப்பவரின் சட்டைக் காலரில் மைக்கை மாட்டி, என் காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, குரல் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவரை இரண்டு நிமிடம் பேச வைக்க வேண்டும். பெயரைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதுபோல விறைத்துக்கொண்டு சொல்வார்கள். சாப்பாட்டைக் கேட்டால் தோள் இறங்கிவிடும், உண்மையான குரல் வந்துவிடும். எவ்வளவு பெரிய புளுகனும் இட்லி விஷயத்தில் புளுகி நான் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் காதில் விழுந்த பதில்களில், எலப்புள்ளி அட்மின் அண்ணன் ஆனைக்கரையில் ஒரு காலை சொன்ன பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மூன்று ஆப்பத்தைப் பற்றியது அது. நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

அட்மின் என்பது நாங்கள் அவருக்கு வைத்த பட்டம். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் வீடு, பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மிச்ச நேரமெல்லாம் போனில் ஒரு பேஜும் அதோடு சேர்ந்த குரூப்பும் நடத்தினார். விடிந்ததும் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு காலை வணக்கம் வரும். அதன் பின்னாலேயே விஷம் வரும். அவர்கள் கடையில் வாங்காதே, அவர்களுக்கு வீடு கொடுக்காதே, அவர்கள் வந்தேறிகள் என்று நாளெல்லாம் ஓடும். எங்கோ இருக்கிற ஒரு தீவிர வலதுசாரி அமைப்பிலிருந்து வருகிற வீடியோக்களை வாங்கி, ஓரத்தில் தன் முகத்தை வைத்து, தன் குரலில் விளக்கம் சொல்லி ஊருக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. சேவையாகவே செய்தார், அதுதான் கொடுமை.

அப்படி அவர் அனுப்பிய ஒன்றுதான் ஆனைக்கரை ராவுத்தரின் டீக்கடை வீடியோ. ஆனைக்கரை என் சொந்த ஊர், கம்பத்துக்கு மேலே கேரள மலையில் இருக்கிறது. ஏலக்காட்டு வேலைக்குத் தெற்கிலிருந்து மலை ஏறி வந்த குடும்பம் எங்களுடையது. ராவுத்தர் கடை ஆப்பமும் பன்னும் தின்று வளர்ந்தவள் நான். டீ போடும்போது பால் பொங்கி வந்தால் ராவுத்தர் வாயால் ஒரு ஊது ஊதி அடக்குவார். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். அதை யாரோ எடுத்து, பாதி முகமும் பாத்திரத்தின் விளிம்பும் மட்டும் தெரியும்படி வெட்டி, மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். பார்க்கிறவனுக்குத் துப்புவதுபோல இருக்கும். "இங்கே எச்சில் கலந்துதான் டீ" என்று அட்மின் அண்ணனின் குரல் கடைப்பெயரையும் ஊர்ப்பெயரையும் சொன்னது. ஆறே மாதத்தில் கடை காய்ந்துபோயிற்று. தோட்டத்து ஜீப்புகள் கடை முன்னால் நிற்பதை விட்டன. மிரட்டலுக்குப் பயந்து ராவுத்தர் பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு மாதம் பார்ப்பது, இல்லாவிட்டால் பூட்டிவிட்டுக் கம்பத்துக்கு இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

இதில் நான் மறைத்த ஒரு சங்கதி உண்டு. எலப்புள்ளியில் கிளம்பிய வீடியோ தானாக மலை ஏறி ஆனைக்கரைக்கு வந்துவிடவில்லை. எனக்கு அதை அனுப்பியது என் அம்மா. எங்கள் மாதா கோயில் பாடல் குழுவுக்கும், மாதர் சங்கத்துக்கும், போனில் பெயர் இருந்த இன்னும் பலருக்கும் அம்மாதான் அதை அனுப்பிவைத்தாள், நாலு பேருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். நான் கத்தியதும் அழித்துவிட்டேன் என்றாள். அதன் பிறகு அவளும் அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். அம்மாவின் மேல் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் சேர்த்து நான் அட்மினின் மேல் வைத்திருந்தேன்.

எங்கள் டைரக்டர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். நல்ல வங்கி வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிய அம்மாள். இணையத்தில் வெறுப்பு வளர்க்கிறவர்களைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவுக்கு அவர், சத்தத்துக்கு நான் என்று மொத்தப் படையும் இரண்டே பேர். யாரையும் ஏமாற்றிப் படம் எடுக்க மாட்டார். "உங்க பேஜைப் பத்தித்தான் படம், உங்களுக்குப் பிடிக்காததும் அதுல வரும்" என்று அட்மினிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கோ ஒரே பூரிப்பு. ஆனைக்கரைக்கு வந்து அந்தக் கடைக்காரரை நேரில் பார்க்கத் தயாரா என்று கேட்டதற்கு, "தாராளமா வர்றனுங்க, மூஞ்சிக்கு நேரா கேட்டுப்போடறேன்" என்று சட்டைக் கையை மடித்தார்.

நான் ஒரு ராட்சசனை எதிர்பார்த்து வண்டியில் ஏறினேன். ஏறியவர் ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். என்னை அம்முணி என்று கூப்பிட்டார். டிரைபாடை என் கையிலிருந்து பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் பழைய பாட்டுகளில் பாதியைப் பாடி முடித்துவிட்டார், நல்ல குரல் வேறு. வெறுப்போடு உட்கார்ந்திருந்த நான் பழனிக்குப் பக்கத்தில் என்னை மறந்து ஒரு பல்லவிக்குச் சேர்ந்து பாடிவிட்டு, பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நாக்கைக் கடித்துக்கொண்டேன். கம்பம் மெட்டு வளைவுகளில் அவருக்குக் குமட்டல் வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் முருகனைக் கூப்பிட்டார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க அம்முணி, இந்த மலையில எப்படீங்க தினமும் போயிட்டு வர்றீங்க, நீங்கெல்லாம் மனுசங்களே இல்லீங்க" என்றார். வண்டி ஓட்டிய டைரக்டர் சிரித்த சிரிப்பில் அது ஒரு தரம் ஓரத்துக்கே போய் வந்தது. இப்படி ஒரு மனுஷன் எப்படி அப்படி ஒரு பேஜ் நடத்துகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுசாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கடைக்குப் போய், ராவுத்தரிடம் நேரில் கேட்டுக்கொண்டு படம் எடுப்பதாக ஏற்பாடு. லாட்ஜ் வாசலில் அவருக்கு மைக் மாட்டினேன். ஷிப்டுக்காரர் ஆனதால் விடியும்போதே எழுந்து, நாங்கள் தூங்கிக்கொண்டிருக்க, தனியாக வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். முகத்தில் வயிறு நிறைந்த களை தெரிந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"மூணு ஆப்பமுங்க, முட்டைக் கொளம்புங்க. அந்த வளைவுல போர்டுகூட இல்லாத ஒரு கடைங்க. ஆப்பம்னா அதானுங்க ஆப்பம், பஞ்சு மாதிரி. எங்கூட்டுல நாளைக்கு இதச் சொன்னா எனக்குச் சோறு கெடைக்காதுங்க. கடைக்காரரு தங்கமான மனுசன், கேக்காமயே ரெண்டாவது முட்டை வெச்சாருங்க. டம்ளரை மூணு தடவ கழுவுறாரு. ஒண்ணுதான் வேடிக்கைங்க. பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, மனுசன் கையக் கட்டிட்டுப் பாத்துட்டே நிக்கறாரு. அட ஊதி உடுங்கன்னு நாந்தானுங்க சொன்னேன். அப்பவும் ஊதல."

ஆனைக்கரையில் போர்டு இல்லாத கடை ஒன்றே ஒன்றுதான். அவருக்கு அது எந்தக் கடை என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வீடியோ அனுப்புகிறவருக்கு எந்த முகம் நினைவிருக்கும்? பலகையும் இல்லை. வெட்டிய வீடியோவில் பாதி முகம்தான். யாருடைய பிழைப்பைக் கெடுத்தாரோ அவர் கையாலேயே வயிறார வாங்கித் தின்றுவிட்டு, பாலை ஊதச் சொல்லி உபதேசமும் செய்துவிட்டு வந்திருக்கிறார். அத்தனையும் அவர் குரலிலேயே, சுத்தமாக, என் கருவியில் பதிவாகியிருந்தது.

டைரக்டரைத் தனியே இழுத்துக்கொண்டு போய் ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டார். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இதை இப்பவே போடுவோம். சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்கச் சிரிக்கும், கடையும் பிழைச்சுக்கும்" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் தலையாட்டினார்.

"முடியாது கேட்டயா. டெஸ்டாக்கும் அது. ரெக்கார்டிங்னு நாம சொல்றதுக்கு முன்னாடி பேசினது அவரோடது, நம்மளோடது இல்லை. அவருக்குத் தெரியாம எடுத்து, சௌகரியம் போல வெட்டி, ஊரைச் சிரிக்க வைக்கறதுக்கு நாம என்னத்துக்கு? அதுக்குத்தான் அவர் பேஜ் இருக்கே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயம் பேச உங்களுக்கு எளிது, பூட்டப்போவது எங்கள் ஊர்க் கடை என்றேன். அப்போது என் அம்மாவின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரி, ஊருக்குக் கேட்கக் கூடாது, பேசியவருக்குக் கேட்கலாம் அல்லவா என்று எனக்குத் தோன்றியது. நேராகப் போய் அட்மின் அண்ணனின் தலையில் ஹெட்போனை மாட்டி அவர் குரலை ஓடவிட்டேன். தன் குரலைக் கேட்கிற எல்லோரையும் போல அவரும் முதலில் கூச்சத்தோடு சிரித்தார். "அந்தக் கடைதாண்ணே" என்றேன். "எந்தக் கடைங்க?" என்றார். "நாம பத்து மணிக்குப் போகவேண்டிய கடை."

மனிதர் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். மைக் காலரிலேயே இருந்தது. நாங்கள் பின்னால் ஓடினோம். ஹெட்போனில் அவர் செருப்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும் கேட்டுக்கொண்டே வந்தன. வழியெல்லாம் தனக்குத் தானே "மூணு தடவ கழுவுனாரே, மூணு தடவ கழுவுனாரே" என்று முனகிக்கொண்டே போனார்.

ராவுத்தர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கேமராவைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. டைரக்டர் கேமராவைத் தாழ்த்தி, "எடுக்கலாமா, வேண்டாம்னாலும் சரி" என்று கேட்டார். ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும் எடுக்கச் சொன்னார். அட்மின் அண்ணன் பெஞ்சில் உட்காரவில்லை.

"ஏனுங்க, காலைல நான் வந்தப்ப நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன? ஆறு மாசமா எங்க வீட்டுப் போன்லயெல்லாம் உங்க மொகந்தான ஓடுது."

"அப்பறம் ஏனுங்க சோறு போட்டீங்க?"

"கடை தொறந்து வச்சிருக்கேன், நீங்க பசியோட வந்து உக்காந்தீக. போடாம? அதோட ரெண்டாவது வீடியோ எடுக்கத்தான் வந்திருக்கீகன்னு நெனச்சேன். எந்தப் பையில கேமராவ வச்சிருக்கீகளோன்னு பாத்துக்கிட்டே நிக்கிறேன். அப்ப எங்கிட்டு ஊத? நீங்களே ஊதுன்னு வேற சொல்றீக. ஊதுனா மாட்டுனேன்னு நின்னுட்டேன். இப்ப வீட்டுலகூட ஊதுறதில்ல. பொங்குனா பொங்கட்டும்னு தள்ளி நின்னுக்கிறது" என்றார்.

பால் பொங்கி வழிவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு டீக்கடைக்காரர். அதைவிட அவமானம் ஒரு தொழில்காரனுக்கு என்ன வேண்டும்! அட்மின் அண்ணனின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சட்டென்று தன் போனை எடுத்தார். ராவுத்தர் ஒரு அடி பின்னால் போனார். அண்ணன் தன் பேஜில் நேரலையைப் போட்டு, போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார்.

"வணக்கமுங்க. ஆறு மாசத்துக்கு முன்னால ஒரு டீக்கடை வீடியோ போட்டனுங்க. அந்தக் கடையிலதான் நிக்கறேன். அது வெட்டுன வீடியோங்க. முன்னால பின்னால என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கவேயில்ல. யாரோ குடுத்தாங்க, போட்டுட்டேன். இவரு துப்பலீங்க, பொங்குன பாலை ஊதுனாருங்க. எங்கூட்டுல நானும் அப்படித்தானுங்க ஊதறேன், உங்கூட்டுலயும் அப்படித்தான். காலைல இங்க மூணு ஆப்பம் சாப்புட்டேன். இன்னும் ரெண்டு சாப்புடப்போறேன்."

அடுப்பில் வைத்திருந்த பால் அந்த நேரம் பார்த்து மேலேறி வந்தது. "ஊதுங்க" என்றார் அண்ணன். ராவுத்தர் போனைப் பார்க்கிறார், கேமராவைப் பார்க்கிறார், ஊத வாய் வரவில்லை. பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அண்ணன் எட்டிக் குனிந்து தானே ஊதினார். ஆலை ஆள் அல்லவா, ஊதிய வேகத்தில் நுரை எகிறி அவர் மீசையிலும் நெற்றியிலும் அடித்தது. "யாத்தே!" என்று அலறினார். ராவுத்தர் முதலில் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாலை ஊதத் தெரியல, இதுல எனக்கு உபதேசம் வேற" என்று துண்டை எடுத்து நீட்டினார். டைரக்டர் சிரித்ததில் கேமரா ஆடிய ஆட்டம் படத்தில் அப்படியே இருக்கிறது, வெட்டவில்லை.

அரை மணி நேரத்தில் அட்மின் அண்ணனை அவர் குரூப்பிலிருந்தே மற்ற அட்மின்கள் தூக்கிவிட்டார்கள். விலைபோய்விட்டான் என்று எழுதினார்கள், போனில் திட்டினார்கள். மச்சினர் ஒரு வருடம் பேசவில்லை. இதெல்லாம் சுலபமாக நடந்ததுபோல நான் எழுத விரும்பவில்லை. பொய் ஜீப்பில் வந்த வேகத்துக்கு மன்னிப்பு வரவில்லை, அது நடந்துதான் வந்தது. அந்தப் பழைய வீடியோ இன்றைக்கும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் மறுவாரம் ஒரு ஜீப் நின்றது, அடுத்த வாரம் மூன்று நின்றன. அண்ணன் பால் நுரையோடு அலறுவதைப் பார்த்துவிட்டு அந்த ஆப்பத்தைத் தின்று பார்க்கவென்றே கம்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ராவுத்தர் பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினார். அட்மின் அண்ணனுக்கு அட்மின் வேலை இல்லாமல் இருக்க முடியாது. இப்போது கறவை மாடு வாங்க விற்க ஒரு குரூப் நடத்துகிறார். அங்கேயும் தினம் சண்டைதான், ஆனால் பால் கறக்கிற அளவைப் பற்றிய சண்டை. ரோஜாப்பூ மட்டும் விடாமல் எனக்கு வருகிறது.

போன மாதம் படத்தை ஆனைக்கரையில் திரையிட்டோம். எங்கள் கோயில் ஹாலைப் பங்குத்தந்தை கொடுத்தார். அண்ணன் எலப்புள்ளியிலிருந்து பஸ் மாறி மாறி, எலுமிச்சம்பழத்தோடும் மனைவியோடும் வந்து சேர்ந்தார். நுரை அடித்த இடத்தில் ஹாலே கைதட்டிச் சிரித்தது. நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும், ராவுத்தரும் அண்ணனும் டைரக்டரும் பேசிக்கொண்டு நின்ற இடத்துக்கு நேராகப் போனாள். இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாததை எல்லோர் முன்னாலும் அவளே சொன்னாள்.

"ராவுத்தரே, இவரை மட்டும் குத்தம் சொன்னா ஆண்டவருக்கே அடுக்காதுய்யா. நானும் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்புனேன். அறிவுகெட்டுப்போய்ச் செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்கய்யா."

டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. ராவுத்தர் பதறிப்போய், "விடுங்கக்கா, எனக்குத்தான் தெரியுமே" என்றார். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டதும் அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அந்த வீடியோவ எனக்கு மொதமொதல்ல அனுப்புனதே நீங்கதான அக்கா" என்றார்.

பாடல் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அம்மா அவரிடம்தான் பன் சொல்வாள், போனில் எழுதி அனுப்பி. அன்றைக்கு எல்லோருக்கும் என்று அழுத்தியதில் கடைக்காரருக்கும் போயிருக்கிறது. அம்மா நம்பாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனை எடுத்துத் தேடினாள். மற்ற இடங்களில் அழித்திருந்தாள், கடை நம்பரில் மட்டும் அந்த வீடியோ அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அம்மா எழுதியது: "இந்தக் கடையில் யாரும் எதுவும் வாங்க வேண்டாம்." அதற்கும் கீழே, அவள் இதுவரைக்கும் திறந்தே பார்க்காத பதில்: "சரிங்கக்கா. சனிக்கிழமைக்கு பன் எத்தனை வேணும்?"

அட்மின் அண்ணன்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தி, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு வருடம் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் அனுப்பினாள். எதிரே நின்ற ராவுத்தரின் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார். "முப்பது" என்று இருந்தது.